முதல் நாள் சோறு, மறுநாள் களி

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வெளியூர்க்காரர் விருந்தாளியாகப் போனால் ஒரு சின்னச் சிக்கல் எழும். வந்தவர் வழியெல்லாம் கேழ்வரகுக் களியை நினைத்துக்கொண்டே வந்திருப்பார். தருமபுரி மாவட்டம் என்றால் களி, கீரைக் கடைசல், நாட்டுக்கோழிக் குழம்பு என்று யாரோ ஆசை காட்டி அனுப்பியிருப்பார்கள். வீட்டுக்காரரோ காலையிலேயே கடைக்கு ஆள் அனுப்பி, நல்ல அரிசியாக வாங்கி உலை வைத்திருப்பார். வந்தவருக்குக் களி போட்டால், சோறாக்கிப் போட வக்கில்லையா என்று ஊர் கேட்கும் என்பது அவர் கவலை. “எனக்குக் களியே போதுங்க” என்பார் வந்தவர். “அது நாங்க திங்கிறதுங்க, உங்களுக்கு எதுக்கு” என்பார் வீட்டுக்காரர். இரண்டு பேருமே மரியாதைக்காரர்கள்தான். ஆனால் ஒருவர் மனசு ஒருவருக்குப் புரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்.

பயணம் போகிற இடத்தில் பிறருடைய உணவை அறிந்துகொள்வது என்றால் என்ன என்ற கேள்வி இந்தத் திண்ணையிலேயே கிடக்கிறது. நாம் அறிய விரும்புவது தட்டில் இருக்கும் பண்டத்தையா, அதைத் தின்னும் முறையையா, இல்லை, நம்மோடு உட்கார்ந்து தின்னும் மனிதரையா? இந்த மூன்றையும் வரிசையாக எடுத்துப் பார்த்தால்தான் திண்ணையில் இருக்கும் இருவருக்கும் ஏதாவது பதில் சொல்ல முடியும்.

கணவாய்க்கு இந்தப் பக்கம்

சேலத்திலிருந்து அரூர் போகும் சாலை மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டி இறங்கும் வட்டாரத்தில் இருக்கிறது பாப்பிரெட்டிப்பட்டி. ஒரு பக்கம் சேர்வராயன் மலை, மறுபக்கம் சித்தேரி மலை. சேர்வராயனில் பிறந்து வரும் வாணியாற்றில் மலையடிவாரத்தில் ஓர் அணை. ரயிலேற வேண்டுமானால் பொம்மிடி. உணவுச் சுற்றுலாப் பட்டியல் எதிலும் இந்த ஊரின் பெயர் இராது. ஆம்பூருக்குப் பிரியாணி, மதுரைக்கு ஜிகர்தண்டா, திருநெல்வேலிக்கு அல்வா என்பது போல இதற்கென்று ஒரு பண்டம் கிடையாது.

ஆனாலும் பலதரப்பட்ட மக்களின் சாப்பாடு ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் இடம் இது. ஊர்ப்பெயருக்குள்ளேயே ஒரு ரெட்டி உட்கார்ந்திருக்கிறார். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டு மொழிகளாக உள்ள மாவட்டம். 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்த சீமை. சித்தேரி மலையில் வாழும் மலையாளி மக்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள் என்பதால் வந்த பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய மூன்று அண்ணன் தம்பிகள், பெரியவர் சேர்வராயனுக்கும் நடுவர் பச்சைமலைக்கும் இளையவர் கொல்லிமலைக்கும் பிரிந்து போனதாக அம்மக்களிடையே ஒரு கதை உண்டு. ஆக, மலையில் சாமை விதைப்பவர்களும் ஒரு காலத்துப் பயணிகள்தான்.

ஒரே பாத்திரத்தில் கிண்டுகிற ஒரே உணவுக்கு இங்கே மூன்று பெயர். தமிழில் களி, கன்னடத்தில் முத்தெ, தெலுங்கில் சங்கட்டி. தானியத்துக்கே கேழ்வரகு, கேப்பை, ஆரியம், ராகி என்று பெயர் மாறும். தண்ணீர் கொதித்ததும் கொஞ்சம் நொய்யைப் போட்டு வேகவிட்டு, மாவைக் குவித்துக் கொட்டி, அது வெந்து வரும்போது துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டி, ஈரக் கையால் உருட்டி வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். தொட்டுக்கொள்வதில்தான் வீடு அடையாளம் காட்டும். கன்னட வீட்டில் பருப்பும் கீரையும் வெந்த நீரை வடித்துத் தாளிக்கும் பஸ்ஸாரு. தமிழ் வீட்டில் கீரைக் கடைசல், கொள்ளுக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு. பக்கத்து வீட்டுக்குப் போவதே இங்கே சிறு பயணம்.

இலையில் வந்து சேர்ந்தவை

இனிப் பண்டத்துக்கு வருவோம். ‘மண்ணின் உணவு’ என்று பெருமையாகச் சொல்கிறோம். இந்த வட்டாரத்து மண்ணில் விளைவதை ஒவ்வொன்றாகப் பிடித்து, எந்த ஊர் என்று விசாரித்தால் பாதிக்கு மேல் வெளியூர்.

கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்கக்காரர். எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்களில் பயிராக்கப்பட்டு, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சாலையோரமெல்லாம் நிழல் தரும் புளிய மரமும் ஆப்பிரிக்காதான். அராபியர் அதை ‘இந்தியப் பேரீச்சை’ என்ற பொருளில் தமர் ஹிந்த் என்று அழைத்தார்கள். உலகம் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டது. மிளகாய், தக்காளி, நிலக்கடலை மூன்றும் போர்த்துகீசியர் வந்த பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கரும்பின் தாயகம் நியூகினித் தீவு. இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். நெல்லிக்கனி கொடுத்த கதையையே நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். வெளியிலிருந்து ஒரு பயிரைக் கொண்டுவந்ததை ஓர் அரச குலத்தின் புகழாகப் பாடிய மனசு அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இன்று அரூர்ப் பக்கம் கோபாலபுரத்தில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலையே இருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் வேடிக்கையான பயணம் மரவள்ளிக்கிழங்குடையது. பிறந்தது பிரேசில் பக்கம். ‘டப்பியோகா’ என்ற சொல்லே அங்குள்ள துப்பி மக்களின் மொழிச்சொல். திருவிதாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்குத் துணையாக இதைப் பரப்பினார். சேலத்தில் இது தொழிலாக மாறியது இரண்டாம் உலகப் போரின்போது. ஜாவா, மலேயாப் பக்கம் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவுருண்டைதான் அசல் ஜவ்வரிசி. ஜாவா அரிசி என்பதே ஜவ்வரிசி ஆயிற்று என்பார்கள். போரில் கப்பல் நின்றது. மரவள்ளி மாவிலேயே உருண்டை பிடித்துப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பும் வந்தது. பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்து விவசாயிக்கு இன்று மரவள்ளி பணப்பயிர்.

அந்த ஜவ்வரிசி லாரி ஏறி எங்கே போகிறது? பெரும்பகுதி மகாராஷ்டிரத்துக்கும் அதைச் சுற்றிய மாநிலங்களுக்கும். அங்கே அதற்குச் சாபுதானா என்று பெயர். ஏகாதசி, நவராத்திரி விரதத்தில் அரிசி, கோதுமை கூடாது. சாபுதானா கிச்சடி கூடும். அந்தக் கிச்சடியைப் பிரித்துப் பாருங்கள். மரவள்ளி, நிலக்கடலை, பச்சைமிளகாய், உருளைக்கிழங்கு. நான்குமே கடல் கடந்து வந்த அமெரிக்கப் பயிர்கள். ஆயிரமாண்டு ஆசாரத்தைக் காக்கும் தட்டில் ஐந்நூறு ஆண்டுகூட ஆகாத வந்தேறிகள். நம் ஊரில் அதே ஜவ்வரிசி கல்யாணப் பாயசமாகவும் வெயில் காலத்து வடகமாகவும் ஆகிவிட்டது. விரதச் சாப்பாடு ஓரிடத்தில், பந்திக் கடைசியில் இனிப்பு இன்னோரிடத்தில்.

இப்போது உகாண்டா நாட்டின் மேற்குப் பகுதியில் ஒரு வீட்டுக்குள் போவோம். அங்கே ‘காலோ’ என்றொரு உணவு. கேழ்வரகு மாவோடு மரவள்ளி மாவையும் கலந்து கொதிநீரில் போட்டுக் கட்டையால் கிண்டுகிறார்கள். மூடி போட்ட சிறு கூடையில் வைத்துப் பரிமாறுகிறார்கள். கையால் கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் குழி போட்டு, நிலக்கடலைக் குழம்பையோ பயற்றையோ அள்ளித் தின்கிறார்கள். அந்நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் கேழ்வரகுக் கஞ்சியில் புளியும் கரைப்பதுண்டு. பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தின் மூன்று விளைச்சலும், கேழ்வரகு, மரவள்ளி, புளி, அந்த ஒரே நாட்டின் அடுப்புகளில் சேர்ந்துவிடுகின்றன. இங்குள்ள பாட்டி ஒருத்தியை அங்கே கொண்டுபோய் விட்டால் மொழி தெரியாமலேயே துடுப்பைக் கையில் வாங்கிக்கொள்வாள்.

ஆகப் பண்டத்தை வைத்து அந்நியத்தை அளக்க முடியாது. பண்டங்கள் நமக்கு முன்பே ஊர் சுற்றி முடித்துவிட்டன.

மெல்லுவதா, விழுங்குவதா

பண்டம் பழகியதாக இருக்கும்போதும் ஏன் வெளியூர்ச் சாப்பாடு வெளியூர்ச் சாப்பாடாகவே தோன்றுகிறது? அதைத் தின்கிற முறை நமக்குத் தெரியாததால்தான்.

களியையே எடுத்துக்கொள்வோம். நகரத்திலிருந்து வருகிறவர் அதை இட்லி போலப் பிட்டு வாயில் போட்டு மெல்லத் தொடங்குவார். பல்லில் ஒட்டும், மேலண்ணத்தில் ஒட்டும். ‘ருசியே இல்லையே’ என்று நினைப்பார். களி மெல்லுகிற பண்டமே இல்லை. கிள்ளி, உருட்டி, குழம்பில் நன்றாகப் புரட்டி, அப்படியே தொண்டைக்குள் இறக்க வேண்டும். ருசி குழம்பில் இருக்கிறது. களி அந்தக் குழம்பைச் சுமந்து வயிற்றுக்குக் கொண்டுபோகும் வண்டி. மதியம் ஒரு உருண்டை விழுங்கியவருக்குப் பொழுது சாயும்வரை பசி எடுக்காது. வெயிலில் காட்டு வேலை செய்தவர்கள் கண்டுபிடித்த முறை அது. முறையை விட்டுவிட்டுப் பண்டத்தை மட்டும் தின்றவருக்குக் கிடைத்தது பாதிச் சாப்பாடு.

உலகம் முழுக்க இதே கதைதான். ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவது முறை. பக்கத்திலுள்ள கொரியாவில் கிண்ணத்தை மேசையிலிருந்து தூக்குவது முறைகேடு. இரண்டு நாட்டிலும் அரிசி, இரண்டு நாட்டிலும் குச்சி. ஜப்பானில் நூடுல்ஸை உறிஞ்சிச் சத்தம் போடலாம், தப்பில்லை. ஆனால் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தினால் வீட்டார் முகம் வாடும். செத்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள். தாய்லாந்தில் குச்சி கேட்கும் வெளிநாட்டுக்காரரைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் புன்னகைப்பார்கள். அங்கே சோற்றுக்குக் கரண்டியும் முள்கரண்டியும்தான், குச்சி நூடுல்ஸுக்கு. எத்தியோப்பியாவில் இஞ்செரா என்ற பெரிய புளித்த தோசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து ஒரே தட்டில் தின்பார்கள். நடுவே ஒருவர் ஒரு கவளத்தைச் சுருட்டி உங்கள் வாயில் ஊட்டவே செய்வார். ‘குர்ஷா’ என்று அதற்குப் பெயர். வாயைத் திறக்காமல் கையை நீட்டி வாங்கினால் அன்பைப் பாதி வழியில் மறித்தது போல.

இதற்கு எத்தியோப்பியாவரை போகவேண்டிய அவசியமும் இல்லை. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் கல்யாண விருந்தில் ‘சஹன்’ என்ற பெரிய தாம்பாளத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சாப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். தனி இலையில் பழகியவருக்கு முதல் தடவை கூச்சமாக இருக்கும். எதிரில் இருப்பவர் கறித்துண்டை உங்கள் பக்கம் தள்ளி வைப்பார். அந்த இடத்தில் கூச்சம் போய்விடும். நம் தலைவாழை இலையிலும் முறை உண்டல்லவா? நுனி இடப்பக்கம், உப்பு மூலையில், சுபகாரியத்தில் இலையை நம் பக்கம் மடிப்பது, துக்க வீட்டில் எதிர்ப்பக்கம். இதைத் தெரியாத வெளிநாட்டுக்காரர் கல்யாணத்தில் இலையை எதிர்ப்பக்கம் மடித்துவிட்டு எழுந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு கிழவி மட்டும் மெல்ல வந்து மாற்றி மடித்துவிட்டுப் போவாள்.

தின்ன முடியாது என்று சொல்வதும் ஒரு முறைதான். 1888-இல் லண்டன் போன காந்தி, புலால் தொடமாட்டேன் என்று தாயாரிடம் செய்த சத்தியத்தால் பல நாள் அரைப்பட்டினி கிடந்தார். அலைந்து அலைந்து ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். பிறகு லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலேயே இடம்பெற்றார். அவருக்கு இங்கிலாந்து மனிதர்களோடு நெருங்கிய பழக்கம் உண்டானது அவர் மறுத்த உணவின் வழியாக. எதையும் தின்பவரே நல்ல பயணி என்ற இன்றைய நினைப்பை இந்த ஒரு உதாரணம் ஆட்டிவிடும்.

வழிகாட்டிகள் எழுதி வைத்தவை

பயணியின் சாப்பாட்டைப் பற்றித் தமிழில் மிகப் பழைய எழுத்து ஆற்றுப்படைதான். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். அந்த வழி முழுக்கச் சாப்பாடு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், எயினர் குடியிருப்பில் மேட்டுநிலத்துச் செந்நெல் சோறும் உடும்புப் பொரியலும். ஆயர் வீட்டில் பாலோடு தினைச்சோறு. முல்லை நிலத்தில் வரகுச் சோறும் அவரைப் புழுக்கும். உழவர் ஊரில் வெண்ணெல் சோறும் கோழிப் பொரியலும். நிலம் மாறினால் இலை மாறும் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வழிகாட்டி நூல் இன்று எழுதப்பட்டாலும் அதிசயம்தான்.

அதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. எந்த ஊரில் எது ருசி என்று பாணன் சொல்வதில்லை. யார் வீட்டுக்குப் போனால் யார் என்ன தருவார்கள் என்று சொல்கிறான். பண்டத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு மனிதர் நிற்கிறார். இன்றைய கைபேசிச் செயலி உணவகத்துக்கு நட்சத்திரம் கொடுக்கிறது. அதில் பரிமாறுபவர் பெயர் கிடையாது.

வெளியிலிருந்து வந்தவர்கள் நம்மைப் பார்த்து எழுதியதும் நிறைய. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ளவர்கள் வலக்கையால் மட்டுமே உண்கிறார்கள், ஆளுக்கொரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள், பாத்திரத்தை உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கிறார்கள் என்று எழுதினார். பாத்திரம் இல்லாத அந்நியன் வந்தால் அவன் கையில் ஊற்றுவார்கள், அவன் கையையே குவளையாக்கிக் குடிப்பான் என்றும் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் மேற்குக் கரைக்கு வந்த இபன் பதூதா, ஹொன்னாவரில் சுல்தான் வீட்டு விருந்தில் சோற்றில் நெய் ஊற்றி, மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய் வைத்து, கடைசியில் மோர் வந்ததை ஒன்றுவிடாமல் குறித்திருக்கிறார். மலபாரில் இந்துக்கள் தங்கள் பாத்திரத்தில் முஸ்லிம் பயணிக்குச் சோறு தரமாட்டார்கள், வாழையிலையில் வைப்பார்கள், தப்பித் தவறிப் பாத்திரத்தில் தந்தால் அதை உடைத்துவிடுவார்கள் என்பதும் அவர் குறிப்பில் உண்டு.

மார்க்கோ போலோவுக்கு இந்தப் பாத்திர முறை சுத்தமாகத் தெரிந்தது. இபன் பதூதாவுக்கு அது விலக்கமாகவும் தெரிந்தது. கையில் ஊற்றப்பட்ட தண்ணீரைக் குடித்தவருக்குத்தான் அதன் முழுப்பொருளும் தெரியும்.

யாரோடு உட்காருவது

கடல் கடந்த உணவைப் பற்றிப் பேசும்போது நாம் சுலபமாகத் தாண்டிவிடும் தூரம் ஒன்று நம் தெருவிலேயே இருக்கிறது.

இந்த நாட்டில் யாரோடு உட்கார்ந்து உண்பது என்பது என்ன உண்பது என்பதைவிடப் பெரிய கேள்வியாக இருந்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்று தெரிந்தபோது 1924, 25-இல் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கட்சியே இரண்டுபட்டது. சேலத்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்ப்பில் முன்னே நின்றார்கள். ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்கு ஒரு பகுதி, மற்றவருக்கு ஒரு பகுதி என்ற பிரிவு 1940-களின் தொடக்கம் வரை நீடித்தது. ஒரே ரயிலில் இடித்துக்கொண்டு வந்தவர்கள், இறங்கிக் காப்பி குடிக்கும்போது பிரிந்துபோனார்கள். ஹோட்டல் பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்க 1957-இல் சென்னையில் ஒரு போராட்டமே நடக்க வேண்டியிருந்தது.

எதிர்த்திசையில் உழைத்தவர்களும் உண்டு. தென்கோடியில் ஐயா வைகுண்டர் 19-ஆம் நூற்றாண்டிலேயே சமபந்தி வைத்தார். வள்ளலார் 1867 மே 23-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பஞ்சாபில் குருத்வாராவின் லங்கரில் அரசனும் ஆண்டியும் ஒரே தரையில் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். அமிர்தசரசுக்குச் சுற்றுலா போகும் தமிழர், அங்கு பரிமாறும் பருப்பையும் ரொட்டியையும் பற்றி ஊருக்கு வந்து சொல்வார். அங்கு தன் பக்கத்தில் உட்கார்ந்தது யாரென்று தனக்குத் தெரியவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் பயணக் கட்டுரை முழுமையாகும்.

ஏனென்றால் ஊர் திரும்பினால் நிலைமை வேறு. 2024 பிப்ரவரியில் இதே தருமபுரி மாவட்டத்தில், காட்டு வேலைக்கு வந்த பட்டியல் சாதிப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் ஊற்றிய வழக்கில் இரண்டு பெண்கள் கைதானார்கள். இரட்டைக் குவளை பழைய கதை என்று நினைத்திருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. குடித்தவர்களுக்கு அதில் புதிது ஒன்றுமில்லை. எத்தியோப்பியாவில் முன்பின் தெரியாதவர் கையால் ஊட்டிய கவளத்தைப் பரவசத்தோடு படமெடுத்துப் போடும் ஒருவர், தன் சொந்த ஊரின் மறுபக்கத்துத் தெருவில் ஒருவேளை சோறு தின்றிருக்கமாட்டார். அவர் எத்தனை நாடு சுற்றினாலும், மேற்சொன்ன மூன்றாவது கேள்வியைத் தொடாமலேயே ஊர் திரும்பியிருக்கிறார்.

காசுக்குச் சாப்பாடு

சாதிக் கதவை ஓரளவு திறந்ததில் காசு கொடுத்துச் சாப்பிடும் ஹோட்டலுக்கும் பங்கு உண்டு. காசு யார் கையிலிருந்து வந்தாலும் காசுதான். சத்திரத்தில் தருமம் வாங்கியவர் குனிந்து நின்றார். ஹோட்டலில் ‘சாம்பார் கொண்டு வாப்பா’ என்று அதட்ட முடிந்தது. ஆனால் காசு வந்ததும் விருந்தாளி வாடிக்கையாளர் ஆனார். வாடிக்கையாளருக்கு எல்லாம் கிடைக்கும், வீட்டுக்குள் அழைப்பைத் தவிர.

பிழைப்புக்காகப் போனவர்களோடு போன சாப்பாடு இன்னொரு வகை. பினாங்குத் தீவில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போல் இருபுறமும் பாத்திரம் தொங்கவிட்டு விற்ற சோறுதான் நாசி கண்டார். இன்று அது மலேசியாவின் பெருமை. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் வடசென்னை மாலைநேரத்தின் வாசனையாகிவிட்டது. சிங்கப்பூரின் வீதிக்கடைச் சாப்பாட்டுக் கலாச்சாரத்தை 2020-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கடைகளில் தமிழர் தோசைக்கல்லும் உண்டு. ஒரு தலைமுறையின் வயிற்றுப்பாடு அடுத்த தலைமுறையின் சுற்றுலாக் கவர்ச்சி ஆவது எல்லா நாட்டிலும் நடக்கிறது.

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்திலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூரு போகிறவர்கள் ஏராளம். உணவுப் பயணம் என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. ஆனால் வேலையிடத்துத் தகரக் கொட்டகையில் மூன்று கல் அடுப்பில் பொங்கிக்கொண்டே, பக்கத்துக் கொட்டகை வட கர்நாடகத்துக்காரரின் சோள ரொட்டியையும் பீகார்காரரின் உருளைக்கிழங்குக் கூட்டையும் பண்டமாற்றுச் செய்து ருசி பார்த்தவர்கள் அவர்கள். காசு கொடுத்த பயணிக்குக் கிடைக்காத நெருக்கம் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது, கேட்காமலேயே.

மாவட்டத்துக்குள் காசும் விருந்தும் கலந்த ஓரிடம் ஒகேனக்கல். ஆற்றில் பிடித்த மீனை நாமே பேரம் பேசி வாங்குகிறோம். ஆற்றங்கரையில் அடுப்பு வைத்திருக்கும் அம்மாக்களிடம் கொடுக்கிறோம். அவர்கள் கழுவி, மசாலா தடவி, நம் கண்ணெதிரே பொரித்தும் குழம்பு வைத்தும் தருகிறார்கள். பெங்களூருக்காரர் கன்னடத்தில் காரம் குறைக்கச் சொல்ல, அந்த அம்மா கன்னடத்திலேயே பதில் சொல்வார். உப்பு பார்க்க நம் கையில் ஒரு துளி குழம்பு விடுவார். கூலி வாங்குகிற சமையல்தான். இருந்தாலும் பரிசல் சவாரியைவிட அந்த அரைமணி நேரப் பேச்சு பலருக்கு நினைவில் நிற்கிறது.

காமிராவும் ஒரு புது விருந்தாளியாக அடுப்படிக்கு வந்துவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்துத் தாத்தா ஒருவரும் பேரன்களும் வயல்வெளியில் சமைக்கும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. மொழி தெரியாதவர்களும் அதைப் பார்த்தார்கள். சமைத்து முடித்ததும் முதியோருக்குப் பரிமாறுவதில்தான் அந்தப் படங்கள் முடிகின்றன. கொதிக்கும் குழம்போடு நிறுத்தியிருந்தால் அது வெறும் சமையல் குறிப்பு.

மறுநாள்

திண்ணைக்குத் திரும்புவோம். களி கேட்பவர் பக்கமா, சோறு போடுபவர் பக்கமா நியாயம்?

வீட்டுக்காரரின் கூச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மானாவாரிச் சீமையில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். களியும் கூழும் அன்றாடம். களி என்றாலே இல்லாமை என்று நெஞ்சில் பதிந்தது. நியாயவிலைக் கடையில் 2006-இல் கிலோ 2 ரூபாய்க்கும் 2008-இல் 1 ரூபாய்க்கும் 2011 முதல் விலையில்லாமலும் அரிசி வந்தபோது, ஏழை வீட்டுக்கும் தினந்தோறும் தீபாவளி ஆயிற்று. துடுப்பு பரணுக்கு ஏறியது. பிறகு சர்க்கரை நோய் வந்தது, மருத்துவர் கேழ்வரகு சொன்னார், நட்சத்திர ஹோட்டல் களியை மண்சட்டியில் வைத்து விலை போட்டது. ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம், அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை அரசு முதலில் தொடங்கிய இரண்டு மாவட்டங்களில் ஒன்று தருமபுரி, மற்றது நீலகிரி. வெளியேறிய களி, மாவட்டத்துக்குள் நியாயவிலைக் கடைப் பையில் திரும்பி வந்தது.

நகரத்துக்காரருக்குக் களி ஆரோக்கியம். வீட்டுக்காரருக்கு அது தாண்டிவந்த வறுமை. அவர் வைத்த சோற்றை ஒதுக்கிவிட்டு ‘அசல்’ உணவு வேண்டும் என்று கேட்பது, அவர் மரியாதையை ஒதுக்கிவிட்டு வறுமையைக் காட்டச் சொல்வதற்குச் சமம். விருந்தாளிக்கு உயர்ந்ததைப் போடுவதுதான் அந்த ஊரின் அசல். அதனால் முதல் நாள் சோறு வந்தால் சோற்றைத் தின்ன வேண்டும், இரண்டாம் தடவை வாங்கியும் தின்ன வேண்டும்.

ஆனால் அன்றே கிளம்பிவிடக் கூடாது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பழமொழி கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடுவுக்குள் இடம் இருக்கிறது. மறுநாள் வீட்டுக்காரம்மாவுக்கு வேலைக்குப் போக வேண்டும். உங்களுக்கென்று தனியாக உலை வைக்க நேரம் இராது. வீட்டில் என்ன கிண்டியிருக்கிறதோ அதுதான். “இன்னிக்கு நம்ம சாப்பாடுதாங்க, பரவால்லையா?” என்று ஒரு தட்டு உங்கள் முன்னால் வரும். உருண்டை, குழி, அதில் கீரைக் கடைசல். ‘நாங்க திங்கிறது’ ஒரே இரவில் ‘நம்ம சாப்பாடு’ ஆகியிருக்கும்.

பழக்கம் இல்லாமல் மெல்லத் தொடங்குவீர்கள். எதிரே உட்கார்ந்து விழுங்கிக்கொண்டிருக்கும் வீட்டுப் பிள்ளை உங்களைப் பார்த்துச் சிரிக்கும். “கடிக்காதீங்க மாமா, முழுங்குங்க.”